அட்டைக்கடி பலப்பிரயோகம் ஆகாது

4 ஜூலை 2018, புதன்

இந்த நாட்குறிப்பேடு சென்ற ஆண்டினுடையது. மளிகைக் கடையில் இனாமாகக் கிடைத்தது. நல்ல தாளை வீணாக்குவது என் இயல்பன்று. ஆகவே அச்சிட்ட கிழமையை அன்றாடம் அடித்துவிட்டுச் சரியான கிழமையை எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் செவ்வாய் என்றிருக்கிறது. இன்று புதன்.

காலையிலிருந்து மழை. என் சௌசௌ கொடி வேலியைத் தாண்டி அடுத்த வீட்டுப் பக்கம் இறங்கிவிட்டது. அடுத்த வீட்டில் இருப்பவர் ராணுவ நர்ஸிங் பிரிவில் லெப்டினன்ட் கர்னலாக ஓய்வுபெற்ற ரோஸ்லின் ஞானதீபம் அவர்கள். நாகர்கோவில்காரர். நான் ராணுவத்தின் சட்டப் பிரிவில் தலைமை எழுத்தராக இருந்து சுபேதார் மேஜராக ஓய்வுபெற்றவன். பதவியில் அவர் எனக்கு மிக மேலே. எனவே அவர் வேலிக்கு வந்தால் நான் எழுந்து நிற்பேன். அவருக்கு அது பிடிப்பதில்லை.

"சாப், உங்க கொடி எல்லை தாண்டிருக்கு. மூணு தடவை எச்சரிச்சாச்சு. இனிமே சுட்டுருவேன்" என்றார்.

"சுடுவதற்குமுன் குறைந்தபட்ச பலத்தைப் பயன்படுத்திப் பார்க்கவேண்டும் என்பது விதி, மேடம்" என்றேன்.

"அப்ப ரெண்டு காயைப் பறிச்சுக்கிடுதேன்."

பறித்துக்கொண்டார். நான்கு காய்கள்.

மாலையில், நாயக் பதவியிலுள்ள முத்திருளாண்டி என்பவர் நனைந்துகொண்டே வந்தார். காலாட்படையில் ஓய்வுபெற்றபின் பாதுகாப்புப் பிரிவில் மறுபடி சேர்ந்து, இந்தக் குதிரைமேடு கண்டோன்மெண்டின் வெடிமருந்துக் கிடங்கில் காவல் நிற்பவர். கமுதிப் பக்கத்து மனிதர். இங்கே சட்டச் சிக்கல் யாருக்கு வந்தாலும் என் வீட்டு வாசலுக்கே வருவது வழக்கம். சிக்கல் இதுதான்:

நேற்று, 3ஆம் தேதி, செவ்வாய், பொழுது சாயும் வேளை. கிடங்கின் பின்வேலியில் மூடுபனி. குரங்குக் குல்லாவும் கம்பளியுமாக ஓர் உருவம் வேலிக்கம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்திருக்கிறது. "தம்! கோன் ஆத்தா ஹை?" (நில்! யார் வருவது?) என்று முறைப்படி மூன்று முறை அதட்டியிருக்கிறார். பதிலாக வந்தது சிரிப்பு. அதற்குப்பின் சுடலாம் என்பது கிடங்கின் நிலையாணை. இவர் சுடவில்லை. குப்புறப் படுக்கச் சொல்லி, வந்தவரின் மஃப்ளராலேயே கைகளைக் கட்டிவிட்டு, காவல் குழுவின் தலைவரான கார்டு கமாண்டர் வருவதற்காக விசில் ஊதியிருக்கிறார். காவலில் பிடிபட்டவரை விடுவிக்கும் அதிகாரம் கார்டு கமாண்டருக்கு மட்டுமே உண்டு. அவர் வர வெகுநேரமாயிற்று. அதுவரை மழையில் கிடந்தவர், இந்த நிலையத்துக்கே தலைவரான பிரிகேடியர். மாறுவேடத்தில் வந்து காவலைச் சோதிப்பது அவருடைய பொழுதுபோக்கு.

"நா சுட்டிருக்கலாமுல்ல சாப்?"

"நிலையாணைப்படி, சுட்டிருக்கலாம்."

"சுட்டிருந்தா கேசு வந்திருக்காதா?"

"வந்திருக்கும். புகார் கொடுக்க ஆள் இருந்திருக்காது."

சொன்னபிறகு வருந்தினேன். வேலிக்கு அப்பால் யாரோ சிரித்தது கேட்டது.

குற்றச்சாட்டு, ராணுவச் சட்டம் நாற்பதாம் பிரிவு: மேலதிகாரி மீது குற்றமுறு பலம் பயன்படுத்தியது. 11ஆம் தேதி கட்டளை அதிகாரியான கர்னல் முன்னிலையில் விசாரணை. கர்னல் அங்கேயே தள்ளுபடி செய்தால்தான் உண்டு. மேலே அனுப்பினால் ராணுவ நீதிமன்றம், பதவி நீக்கம், சிறைகூட. இந்த முதல் விசாரணையில் வக்கீலுக்கு இடமில்லை. குற்றம் சாட்டப்பட்டவரே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவேண்டும். அதாவது, ஒரு நாயக் ஒரு பிரிகேடியரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கவேண்டும்.

பயிற்சி தருவதாக ஒப்புக்கொண்டேன்.

6 ஜூலை 2018, வெள்ளி

காலை தபாலில் அழைப்பிதழ். சுதந்திர தின விழாவில் நிலையத்தின் மூத்த ஓய்வுபெற்ற வீரர் என்ற முறையில் எனக்குப் பிரிகேடியர் பொன்னாடை போர்த்துகிறார். எனக்கு இதிலெல்லாம் ஆசையில்லை. கறுப்புக் கோட்டை மட்டும் சலவைக்குப் போட்டேன். அழைப்பிதழில் '15 ஆகஸ்ட், வியாழன்' என்று அச்சாகியிருக்கிறது. அன்று புதன். இவ்வளவு பெரிய அலுவலகத்தில் நாட்காட்டி பார்க்க ஓர் ஆள் இல்லை.

முத்திருளாண்டிக்குச் சட்டத்தை விளக்கினேன். காவலாளி பலம் பயன்படுத்தலாம். ஆனால் முன்னே எச்சரிக்கவேண்டும், தேவைக்கு மேல் போகக்கூடாது, எதிர்ப்பு நின்றதும் பலமும் நிற்கவேண்டும். நம் வழக்கின் ஓட்டை மூன்றாவதில் இருக்கிறது. பிரிகேடியர் படுத்தவுடன் எதிர்ப்பு நின்றுவிட்டது. பிறகு ஏன் கட்டு அவிழ்க்கப்படாமல் கிடந்தார்? போதாக்குறைக்கு, குற்றப்பத்திரிகையில் 'மேற்படி அதிகாரியை அட்டைகள் மிகுந்த புல்தரையில் கிடத்தியமை' என்று தனியே ஒரு வரி.

"அவர் யாரென்று உனக்கு எப்போது தெரியும்?" என்று கேட்டேன்.

"வேலிக்கு அந்தப் பக்கம் வரையிலேயே தெரியும் சாப். அவுக நடை அப்பிடி. ஒரு காலை உதறி உதறி வைப்பாக."

எனக்குத் தலை சுற்றியது. "இதை விசாரணையில் சொல்லப்போகிறாயா?"

"பொய் சொல்லச் சொல்றீகளா?"

"இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதே என்கிறேன்."

"கேட்டா?"

"கேட்டால், நடை அடையாளச் சீட்டு ஆகாது என்று சொல்."

அட்டை விஷயமாக ஒரு வாதம் தயாரித்தேன். அட்டைகள் காவலாளியின் ஆணைக்கு உட்பட்டவை அல்ல. அவை தம் விருப்பப்படி செயல்பட்டன. ஆகவே அட்டைக்கடி பலப்பிரயோகம் ஆகாது. முத்திருளாண்டியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, இதை வேலியோரம் நின்று மேடத்திடம் படித்துக் காட்டினேன்.

"நல்லாருக்கு. ஆனா ஒண்ணு கேக்கட்டா? இந்த மழைக்காலத்துல பின்வேலி டூட்டிக்குப் போறவன் எல்லாம் அட்டைமேல தூவ மடியில உப்புப் பொட்டலம் வச்சிருப்பான். இவன்ட்ட இருந்துச்சா இல்லியா?"

நான் முத்திருளாண்டியைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

"இருந்துச்சு" என்றார். "ஆனா பொட்டலத்தப் பிரிக்க ரெண்டு கை வேணும். துப்பாக்கிய கீழ வைக்கணும். காவல்ல நிக்கிறவன் துப்பாக்கிய கீழ வைக்கலாமா சாப்?"

வைக்கக்கூடாது. வைப்பது பெருங்குற்றம். விடை பிழையற்றது. இருந்தாலும் அதைச் சொல்லும்போது அவர் மீசை சற்று அசைந்ததை நான் கவனிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

7 ஜூலை 2018, சனி

மழை. மேடம் கோத்தகிரியில் சிநேகிதி வீட்டுக்குப் போயிருக்கிறார். குறிப்பிட ஒன்றுமில்லை.

8 ஜூலை 2018, ஞாயிறு

மேடம் கோத்தகிரியிலிருந்து நேராகத் தேவாலயத்துக்குப் போய்விட்டு மதியம் திரும்பினார். மழை விட்டது.

9 ஜூலை 2018, திங்கள்

நடந்ததை நடந்தபடி ஒத்திகை பார்க்காமல் குறுக்கு விசாரணை அமையாது. எனவே வீட்டுப் பின்புறப் புல்தரையில் நான் பிரிகேடியராகவும், முத்திருளாண்டி முத்திருளாண்டியாகவும், என் குடை துப்பாக்கியாகவும் இருந்தோம். அவர் அதட்டிய அதட்டலில் மரத்திலிருந்த குரங்குகள் அடுத்த தெருவுக்குப் போயின.

குப்புறப் படுத்தேன். கைகளைப் பின்னால் கட்டினார். எழுபத்து நான்கு வயதில் படுப்பது எளிது. எழுவதற்கான பகுதிக்கு வந்தபோது, இடுப்பு ஒத்துழைக்கவில்லை என்று தெரிந்தது.

"முத்திருளாண்டி, அவிழ்த்துவிடு."

"கார்டு கமாண்டர் வரணும் சாப்."

"இது ஒத்திகை!"

"அவுகளும் இப்பிடித்தான் சொன்னாக. 'இது சோதனை, அவுத்துவிடு'ன்னு."

அந்த மனிதருக்குச் சிரிப்பு வருகிறதா இல்லையா என்று தரையில் கிடந்தவாறு பார்க்கமுடியவில்லை. வேலிக்கு மேலே மேடத்தின் தலை தெரிந்தது.

"என்ன சாப், மண்புழு எண்ணுதேளா?"

"சட்ட ஆய்வு, மேடம்."

"நடக்கட்டும். நான் காப்பி குடிச்சிட்டு வாரேன்."

ஆனால் அங்கே கிடந்ததில் ஒரு பயன் உண்டு. முகம் புல்லில் பதிந்து, மூக்கருகே ஏதோ ஊர்ந்துகொண்டிருக்கும்போது, மனிதனுக்கு நீதியைப் பற்றியோ பதவியைப் பற்றியோ எண்ணம் வருவதில்லை. ஒரே ஓர் எண்ணம்தான் வருகிறது: அந்தக் கார்டு கமாண்டர் எங்கே தொலைந்தான்?

அதைக் கேட்டேன். முத்திருளாண்டி குடையைத் துடைக்கத் தொடங்கினார். மேடம் வந்து இருவருமாக என்னைத் தூக்கி நாற்காலியில் உட்கார்த்தினார்கள். மேடம் என் முதுகில் தைலம் தேய்த்தார். மருத்துவக் காரணத்தால் மட்டுமே அனுமதித்தேன். பிறகு அதே கேள்வியை மேடம் கேட்டார். முத்திருளாண்டிக்கு என்னை மறுக்கத் துணிவு வருகிறது. அவரை மறுக்க வரவில்லை.

"குட்டப்பன் அண்ணந்தாம்மா அன்னிக்குக் கார்டு கமாண்டர். ஹவில்தார் குட்டப்பன். அவுக பங்களாவுக்குப் போயிருந்தாரு."

"யார் பங்களாவுக்கு?"

"பிரிகேடியர் பங்களாவுக்கு. நாய்க்கு நகம் வெட்ட."

பிரிகேடியரின் நாய்க்கு 'ஜெனரல்' என்று பெயர். எஜமானரைவிட மேலான பதவியில் அதை வைத்தது யார் எண்ணமோ தெரியாது. அது ஊரில் எல்லோரையும் கடிக்கும். குட்டப்பனை மட்டும் கடிக்காது. மாதம் ஒருமுறை பிரிகேடியரின் மனைவியான அம்மையார் காவல் அறைக்குத் தொலைபேசியில் சொல்வார், குட்டப்பன் போவார். இந்த முறை அவர் காவலில் இருந்த நேரமாகப் போய்விட்டது. திரும்பிவந்து, தொலைவிலுள்ள காவல்சாவடியைப் பார்க்கப் போயிருந்ததாகப் பிரிகேடியரிடம் சொல்லிவிட்டார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். இடுப்பு வலி மறந்துபோயிற்று. "முத்திருளாண்டி, இதைவிட என்ன வேண்டும்? அவரை விடுவிக்க அதிகாரமுள்ள ஒரே ஆள் அவர் வீட்டிலேயே இருந்திருக்கிறான்! இந்த ஒரு கேள்வி போதும்!"

"கேக்கமாட்டேன் சாப்."

"ஏன்?"

"காவல விட்டுப் போறது குத்தமில்லையா? அந்தம்மாவுக்கு என்ன பதவி? அவுக சொன்னாக, போனேன்னா சட்டம் ஒத்துக்கிருமா?"

ஒத்துக்கொள்ளாது. மேலதிகாரியின் மனைவி மேலதிகாரி ஆகார். கேள்வியைக் கேட்டால் முத்திருளாண்டி தப்புவார், குட்டப்பன் அகப்படுவார். பொய் சொன்னதற்குத் தனியாகத் தண்டனை.

"எனக்குப் பதவி போனா ஊருக்குப் போயி நாலு பேரு முன்னாடி தலைகுனிஞ்சு நிப்பேன். நிக்கலாம். அந்த மனுசன மாட்டிவிட்டுட்டு இங்க நிமிந்து நிக்க முடியாது சாப். பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கெடக்குற ஆளு."

குடையை ஒழுங்காக மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

மேடம் தைலப் புட்டியை மூடினார். பிறகு, "பிரிகேடியரே 'நான்தான் கூப்பிட்டேன்'னு சொன்னா?" என்றார்.

"சொன்னால் குட்டப்பனும் தப்புவார். ஆனால் பிரிகேடியருக்கே இது தெரியாது, மேடம். யாராவது போய்ச் சொல்லவேண்டும்."

"ஆமா. யாராவது போகணும்."

என்னைப் பார்த்தார். நான் நாளை மழை வரும் என்று சொன்னேன்.

"சால்வை போயிரும்னு பயமா சாப்?"

பொன்னாடைக்கும் சால்வைக்கும் வேறுபாடு உண்டு என்பதை மட்டும் விளக்கினேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

10 ஜூலை 2018, செவ்வாய்

மழை வரவில்லை.

அழைப்பிதழில் உள்ள கிழமைப் பிழையைத் திருத்தச் சொல்வதற்காக மட்டுமே மாலையில் பிரிகேடியரின் பங்களாவுக்குச் சென்றேன். இதை இங்கே தெளிவாகப் பதிவு செய்கிறேன். உரையாடல் இந்தியில் நடந்தது; தமிழில் தருகிறேன்.

பிரிகேடியர் கூடத்தில் செய்தித்தாளோடு இருந்தார். கழுத்தில் ஒன்று, கணுக்காலில் ஒன்று என்று பிளாஸ்திரிகள். அழைப்பிதழைக் காட்டினேன்.

"இதற்காகவா நடந்து வந்தீர்கள், சுபேதார் மேஜர் சாஹிப்?"

"கிழமை பிழையானால் அந்த நாளே சந்தேகத்துக்கு இடமாகிவிடும், சார்."

அவர் சிரித்தார். தேநீர் வந்தது. அவருடைய துணைவியார் பிஸ்கட் தட்டோடு வந்து அமர்ந்தார். ஜலந்தர்க்காரர், மிகுந்த உபசாரம். அவர் பின்னாலேயே ஜெனரல் வந்து, என் காலணியை மோந்து, ஒரு முன்னங்காலைத் தூக்கி என் முழங்கால்மீது வைத்தார். நாய்கள் எனக்கு ஒத்துவருவதில்லை. இருந்தாலும் குனிந்து பார்த்தேன்.

"நகங்கள் எவ்வளவு ஒழுங்கு! அணிவகுப்பில் நிற்பதுபோல் ஒரே வரிசை. யாருடைய கைவேலை, மேடம்?"

அம்மையாரின் முகம் மலர்ந்துவிட்டது. "ஹவில்தார் குட்டப்பன்! வேறு யாரையும் இவன் தொடவிடமாட்டான். பெரிய கலைஞன் அந்த மனிதன்."

"என்றைக்கு வெட்டியது?"

"அதெதற்கு?"

"தேதி தெரியாமல் எதையும் பாராட்டுவது என் வழக்கமில்லை, மேடம்."

இது உண்மை. இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. அம்மையாருக்கு அதில் ஐயம் ஏதும் எழவில்லை.

"மூன்றாம் தேதி! எப்படி மறப்பேன்? எங்கள் திருமண நாள். மாலையில் விருந்தாளிகள் வருகிறார்கள், இவனோ சோஃபாவைப் பிராண்டிக்கொண்டிருக்கிறான். காவல் அறைக்குப் போன் செய்து, 'சாஹிப் கூப்பிடுகிறார், உடனே வா' என்றேன். பாவம், ஓடிவந்தான். நாலு காலையும் முடித்து, குளிப்பாட்டியும் விட்டான். எல்லோரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். இவரைத்தான் காணோம். கடைசியில் வந்தார், உடம்பெல்லாம் அட்டையோடு!"

செய்தித்தாள் சரசரப்பது நின்றிருந்தது. இப்போது அது மெல்லத் தாழ்ந்தது. பிரிகேடியர் முதலில் மனைவியைப் பார்த்தார்; அடுத்து நாயை; கடைசியாக என்னை. நான் தேநீரைப் பருகிக்கொண்டிருந்தேன். நல்ல தேநீர். ஏலக்காய் சற்றுக் கூடுதல்.

வாயிற்கதவுவரை அவரே உடன்வந்தார். ஒரு காலை உதறி உதறித்தான் வைக்கிறார். முத்திருளாண்டி கவனித்தது சரி.

"நீங்கள் கிழமையைத் திருத்தத்தான் வந்தீர்களா?"

"ஆம், சார். வேறெதையும் நான் சொல்லவில்லை."

"இல்லை. நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை" என்றார். குரலில் மகிழ்ச்சி இல்லை.

வீடு திரும்பும் வழியில் இரண்டு முறை கல்லில் உட்கார்ந்தேன். இறக்கமான பாதை, வயதும் காரணம். மேடத்தின் ஜன்னலில் விளக்கு எரிந்தது. கடந்துபோகையில், "அழைப்பிதழைத் திருத்தச் சொல்லிவிட்டு வருகிறேன்" என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். கதவு திறந்தது. மேடம் ஒரு கிண்ணத்தில் சௌசௌ கூட்டு கொடுத்தார். அவை என் கொடியில் பறித்த காய்கள் என்பதை நான் குறிப்பிடவில்லை.

அதன்பிறகு அமர்ந்து ஒரு கேள்வி எழுதினேன். இருமுறை திருத்தினேன். 'அன்று தங்களை விடுவிக்கும் அதிகாரம் பெற்ற கார்டு கமாண்டர், யாருடைய ஆணையின்பேரில் காவலை விட்டு அகன்றிருந்தார்?' அழகான கேள்வி. என் பணிக்காலத்தில் எழுதியவற்றுள் இதற்கு இணை சிலவே.

11 ஜூலை 2018, புதன்

விசாரணை.

விடிந்ததும் முத்திருளாண்டி வந்தார். கேள்வியைக் கொடுத்தேன். படித்தார். சலவை செய்த சீருடையில் அவர் வேறு ஆளாகத் தெரிந்தார்.

"அவுக ஏத்துக்கிருவாகளா சாப்?"

"ஏற்பார் என்று நினைக்கிறேன்."

"நெனைக்கிறீக."

"ஆம்."

"ஏத்துக்கலேன்னா குட்டப்பன் அண்ணன் போச்சு."

அது உண்மை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எனக்கு உள்ளே அனுமதியில்லை. கர்னலின் அறைக்கு வெளியே பெஞ்சில், தீயணைக்கும் மணல்வாளிகளுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். பெஞ்சின் மறுகோடியில் ஒரு மலையாளி ஹவில்தார் அமர்ந்து தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். சாட்சியாக அழைக்கப்பட்டிருந்த குட்டப்பன். அவர் உதடுகள் மட்டும் அசைந்தன. குருவாயூரப்பனோடு பேசிக்கொண்டிருந்தார் போலும். கதவு சரியாகச் சாத்தவில்லை. இனி எழுதுவதில் பாதி நான் கேட்டது. மீதி முத்திருளாண்டி பிறகு சொன்னது.

முதல் கேள்வி: மூன்று முறை அதட்டினேனா? பிரிகேடியர், "ஆம்."

இரண்டாவது: அதட்டலுக்குத் தாங்கள் பெயர் சொன்னீர்களா? "இல்லை. சிரித்தேன்."

மூன்றாவது: நான் அடித்தேனா, உதைத்தேனா, வைதேனா? "இல்லை. மிகவும் மரியாதையாகத்தான் கட்டினான்."

கர்னல் குறுக்கிட்டார். "ஆனால் அவர் படுத்தபிறகு ஏன் விடவில்லை? யாரென்று உனக்குத் தெரியாதா?"

கேட்கவேண்டாம் என்று நான் வேண்டிக்கொண்ட கேள்வி அது.

"தெரியும் சாப்" என்றது முத்திருளாண்டியின் குரல். "நடைய வச்சே தெரியும்."

பெஞ்சில் குட்டப்பன் கண்களை மூடிக்கொண்டார். நானும்.

"தெரிந்துமா?"

"தெரிஞ்சவரா இருந்தாலும் வேலிக்கு அடியில வந்தா பிடிக்கணுமில்ல சாப். விடுறதுக்கு எனக்கு அதிகாரமில்ல. கார்டு கமாண்டருக்குத்தான் உண்டு."

"கார்டு கமாண்டர் ஏன் அவ்வளவு தாமதமாக வந்தார்?"

முத்திருளாண்டியின் பூட்ஸ்கள் விறைப்பாக ஒன்றுசேரும் ஒலி மட்டும் கேட்டது.

"வேறு கேள்வி உண்டா?"

தாள் சரசரக்கும் ஒலி கேட்டது. அதைப் பையிலிருந்து எடுத்திருக்கிறார். என் கேள்வி அந்த அறைக்குள் இருக்கிறது, இன்னும் பிறக்கவில்லை. நான் மணல்வாளியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டிருந்தேன்.

"வேற கேள்வி இல்ல சாப்" என்றார் முத்திருளாண்டி.

மேலே அனுப்பும் உத்தரவுக்குத்தான் கர்னல் பேனாவைத் திறந்திருக்கவேண்டும். அப்போது நாற்காலி நகர்ந்தது.

"கையில் ஒரு தாள் வைத்திருக்கிறாயே. அதில் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறதில்லையா?" இது பிரிகேடியர்.

"இல்ல சாப்."

"இருக்கிறது. நீ கேட்காவிட்டால் நானே கேட்டுக்கொள்கிறேன். கர்னல், எழுதிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஹவில்தார் குட்டப்பன் என் வீட்டில் இருந்தான். என் பெயரைச் சொல்லி அழைக்கப்பட்டான். என் பெயரைச் சொன்னால் அது என் ஆணை. என்னை விடுவிக்கக்கூடிய ஆளை நானே அப்புறப்படுத்தினேன். இந்த நாயக் என்ன செய்திருக்கமுடியும்?"

"வீட்டில் என்ன வேலையாக, சார்?" கர்னல் மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது" என்றார் பிரிகேடியர். "சோஃபாவின் பாதுகாப்பு."

குற்றச்சாட்டு தள்ளுபடி.

குட்டப்பன் பெஞ்சிலிருந்து எழ முயன்று, முடியாமல், என் தோளில் சாய்ந்து அழுதார். என் கோட்டு சலவையிலிருந்து வந்து முழுதாக ஒரு நாள்கூட ஆகவில்லை. தோளை நகர்த்தவில்லை.

வெளியே வந்த முத்திருளாண்டி எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். தாளைத் திருப்பிக் கொடுத்தார். மடிப்பு கலையவில்லை.

"எழுதுனது வீணாப்போச்சு சாப்."

"கேட்டிருக்கலாமே! அவர் பதில் சொல்லத் தயாராகத்தானே வந்திருக்கிறார்."

"அது எனக்குத் தெரியாதுல்ல" என்றார். "உங்களுக்கும் தெரியாது. நெனச்சீக, அம்புட்டுத்தான்."

12 ஜூலை 2018, வியாழன்

இடுப்பு வலி. மேடம் தைலத்தோடு வந்தார். நேற்றைய விசாரணையை முழுமையாகச் சொன்னேன். அவர் விரும்பியதால் இரண்டாம் முறையும் சொன்னேன்.

20 ஜூலை 2018, வெள்ளி

திருத்திய அழைப்பிதழ் வந்தது. '15 ஆகஸ்ட், புதன்.' பிழையில்லை. பொன்னாடை பெறுபவர் என்ற இடத்தில், சென்ற ஆண்டு இங்கு குடிவந்த ஓர் ஓய்வுபெற்ற மேஜரின் பெயர் இருக்கிறது. கிழமை சரியாக இருக்கிறது, முக்கியமானது அதுதான்.

மேடத்திடம் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, "தூ" என்றார். அதிகாரிகள் பயன்படுத்தக்கூடிய சொல் அன்று. ஆயினும் இதமாக இருந்தது.

23 ஜூலை 2018, திங்கள்

முத்திருளாண்டி பின்வேலிக் காவலுக்கே திரும்பிவிட்டார். பிரிகேடியர் மறுபடியும் சோதனைக்கு வந்தாராம். இம்முறை முன்வாசல் வழியாக, முழுச் சீருடையில், தொலைவிலிருந்தே தன் பெயர், எண், பதவி எல்லாவற்றையும் உரக்கச் சொல்லிக்கொண்டு. முத்திருளாண்டி ஒன்றும் குறைக்காமல் மூன்று முறையும் அதட்டினாராம்.

30 ஜூலை 2018, திங்கள்

பிற்பகல் தொலைபேசி. பிரிகேடியரின் துணைவியார். காவலில் இருக்கும் எவரையும் இனி பங்களாவுக்கு அழைக்கக்கூடாது என்று அவருடைய கணவர் எழுத்துமூலமாக ஆணை பிறப்பித்துவிட்டாராம்.

"ஜெனரலின் நகம் வளர்ந்துவிட்டது, சுபேதார் மேஜர் சாஹிப். அதைப்பற்றி இந்த ஊரிலேயே ஆராய்ந்து கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். நாளை செவ்வாய். வருவீர்கள்தானே?"

நான் மறுக்கத் தொடங்கினேன். பின்னணியில் பிரிகேடியரின் குரல் இந்தியில், "அவருக்குத் தேதி சரியாக ஞாபகமிருக்கும், கண்டிப்பாக வருவார்" என்று சொல்வது கேட்டது. அந்த மனிதருக்கு நினைவாற்றல் உண்டு. நகைச்சுவையும் உண்டு. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது நல்லதில்லை.

மேடத்திடம் சொன்னேன். வேலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு, "தனியா போகாதேயும் சாப், நானும் வாரேன். நாயை நான் பிடிச்சுக்கிடுதேன்" என்றார்.

31 ஜூலை 2018, செவ்வாய்

சென்றோம். ஜெனரல் சோஃபாவின் மேல் இருந்தார். கிட்டப் போகுமுன் மூன்று முறை எச்சரித்தேன். பதில் ஓர் உறுமல். குறைந்தபட்ச பலத்தில் தொடங்கினேன், பிஸ்கட். பிஸ்கட்டைத் தின்றார், பிறகு என் இடது பெருவிரலைக் கடித்தார். எதிர்ப்பு நின்றபிறகும் பலம் தொடர்ந்தது என்பதைக் குறித்துக்கொள்கிறேன். விரலைப் பிடித்தபடியே வெகுநேரம் இருந்தார். மேடம் அவர் காதைப் பிடித்து, நர்ஸிங் பிரிவின் குரலில் ஒரே ஒரு சொல் சொன்னார். விட்டுவிட்டார். பத்தொன்பது வயதுச் சிப்பாய்களும் அந்தக் குரலுக்குப் பணிந்துதான் ஊசிக்குக் கை நீட்டியிருப்பார்கள்.

அதன்பின் மேடம் பிடித்துக்கொள்ள, நான் வெட்டினேன். இரண்டு கால்கள் முடிந்தன. ஒழுங்கில் குட்டப்பனுக்கு ஈடாகாது. அம்மையார் பாராட்டினார். பிரிகேடியர் வாசற்படியில் நின்று முழு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மாதம் அவர் இவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து நான் பார்க்கவில்லை.

வீடு வந்து மேடம் என் விரலுக்குக் கட்டுப் போட்டார். கையை எடுக்கவேண்டாம், ரத்தம் நிற்கட்டும் என்றார். ரத்தம் முன்னமே நின்றிருந்தது.

"மிச்சம் ரெண்டு காலை அடுத்த செவ்வா முடிப்போம்" என்றார். "அதுக்கடுத்த செவ்வாயும் ஒருக்கா போய்ப் பாத்துரணும். நகம் வளந்துரும்."

நாயின் நகம் ஒரு வாரத்தில் வெட்டுமளவுக்கு வளர்வதில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். முப்பதாண்டு மருத்துவமனையில் பணிபுரிந்த அவருக்கும் தெரிந்திருக்கும். இன்றுவரை பிழையைப் பிழை என்று சுட்டிக்காட்டாமல் நான் விட்டதாக என் நினைவில் இல்லை.

"ஆகஸ்ட் 7, ஆகஸ்ட் 14. இரண்டும் செவ்வாய்தான், மேடம்" என்று மட்டும் சொன்னேன்.